மெய்யாலுங் கேட்கலாம்: அதிரும் கதிரையின் கதை

ஒலியை நாம் எதனாற் கேட்கிறோம் என்று வினாவினால், கீழ்வகுப்பு மாணவனும் ‘செவியினால்’ என்று தயக்கமின்றி விடை கூறுவான். அவ்விடை பிழையன்று, எனினும் முழுமையான விடையுமன்று. திருவிழாக் கூட்டத்திலே தவில் வித்துவானுக்கு அண்மையில் நின்று கேட்டவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். தவிலின் தொப்பிப் பக்கத்திற் கோல் விழுந்தோறும் எழும் ஆழ்ந்த ஒலி, காதிற் புகுவதோடு அமையாது நெஞ்சறையையும் வந்து தட்டும். புகையிரதம் நிலையத்தினுட் புகும்போது அதன் வரவைக் காதோடு காலும் அறிகின்றது.

நம் முன்னோர் இவ்வுண்மையைச் சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளனர். ‘நிலம் அதிர்ந்தது’ என்கிறோம். ‘முரசு அதிர்ந்தது’ என்றுஞ் சொல்கிறோம். முன்னையது நடுக்கம், பின்னையது முழக்கம். இரண்டுக்கும் தமிழில் ஒரு வினைச்சொல்லே போதியதாயிற்று. உயிர்களை அறிவின் வழியே வகுத்த தொல்காப்பிய மரபியலும், உடம்பினால் உற்றறியும் அறிவை முதலிலும் செவியறிவை ஐந்தாவதாகவும் வைக்கின்றது. தொடுகை மூத்த புலன். கேள்வி அதற்கு இளையது.

இந்த மூத்த புலனை மீண்டும் கேள்விப் பணியில் அமர்த்தும் கருவியொன்று இப்பொழுது உலகெங்கும் விற்பனையாகின்றது. வீட்டிலே திரையரங்கு அமைப்போரும், கணினி விளையாட்டில் ஈடுபடும் இளைஞரும் தாம் அமரும் கதிரையின் அடியில் அதனைப் பொருத்திக்கொள்கின்றனர். படத்தில் இடி இடித்தாற் கதிரை நடுங்கும். விளையாட்டில் மோட்டார் வண்டி கற்பாதையிற் சென்றால் முதுகு அதனை உணரும். ‘பேஸ் ஷேக்கர்’ என்பது இதற்குக் கடைகளில் வழங்கும் பெயர்.

செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், அடுத்த வீட்டாரின் உறக்கத்தைக் காப்பதற்கும், செவிப்புலன் இழந்தோரை ஒலியுலகில் ஓரளவு பங்காளராக்குவதற்கும் இக்கருவி உதவுமாகையால், அதன் தன்மையை அறிந்துகொள்வது பயனுடையதென எண்ணுகிறோம்.

தாழ்ந்த ஒலியின் இடர்ப்பாடு

ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்பது மாணவர் அறிந்ததே. அதன் அலகு ஹேர்ட்ஸ். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கவல்லது என்று பாடநூல்கள் கூறும். ஆனால் இவ்வெல்லைக்குள் அமைந்த எல்லா ஒலிகளையும் செவி ஒரே பரிவோடு வரவேற்பதில்லை. 1,000 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள ஒலி மிக மெல்லியதாயினும் நல்ல செவிக்குப் புலப்படும். 20 ஹேர்ட்ஸ் ஒலியோ ஏறத்தாழ 78 டெசிபெல் வலிமையை எட்டிய பின்னரே ‘கேட்கிறது’ என்னும் நிலையை அடையும். அதாவது, இடியின் அடிக்குரலையும் பேரியந்திரத்தின் உறுமலையும் உள்ளபடி கேட்பிக்க வேண்டுமானால், காற்றை மிகுந்த வன்மையோடு அசைத்தல் வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கின்றது. இதனை 20 ஆற் பிரித்தால், 20 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது என்பது விளங்கும். நம்மிற் பலரின் வீட்டு முன்னறை அதிற் பாதியும் இராது. இத்துணை நீண்ட அலையைச் சுவரும் கதவும் தடுப்பது அரிது. மெல்லிய குரல்களும் குழலோசையும் கதவைச் சாத்தியதும் அடங்கிவிட, மந்தர ஒலி மாத்திரம் சுவர்களை ஊடுருவி அயல் வீட்டுக் கட்டிலை எட்டுகின்றது. அடுத்த வீட்டில் இராப்பொழுது படம் ஓடினால் நமக்குக் கேட்பது கதாநாயகனின் வசனமன்று. ‘தும் தும்’ என்னும் முழக்கமே. அதன் காரணம் இதுதான்.

மந்தர ஒலிக்கென்றே செய்யப்படும் ‘சப்வூபர்’ என்னும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி இவ்வேலையைச் செவ்வனே செய்யும். ஆனால் ஒருவருடைய இன்பத்துக்காக அறை முழுவதிலுமுள்ள காற்றையும், அதன் வழியே அயலாரின் அமைதியையும் அது கலக்கிவிடுகின்றது. அறையின் காற்றை விடுத்து, அமர்ந்திருப்பவரின் உடலை மாத்திரம் அசைத்தாற் போதாதா? இவ்வினாவே அதிரும் கதிரைக்குத் தாய்.

அச்சமூட்டப் பிறந்தது

இவ்வெண்ணத்தின் வரலாறு சுவையானது. 1959 ஆம் ஆண்டில் வில்லியம் காசில் என்னும் அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் ‘த ரிங்லர்’ என்ற திகிற் படத்தை வெளியிட்டார். மனிதரின் அச்சத்தால் முதுகெலும்பிலே வளரும் ஒரு பிராணி அப்படத்தின் கரு. அப்பிராணி தப்பிச் சென்று திரையரங்கொன்றினுட் புகுவதாகக் கதையில் ஓர் இடம் வரும். அவ்வேளையில், படம் பார்த்துக்கொண்டிருந்தோரின் ஆசனங்கள் சிலவற்றின் அடியிற் பொருத்தப்பட்ட சிறு மோட்டார்கள் இயக்கப்படும், ஆசனம் நடுங்கும், அமர்ந்திருப்போர் அலறுவர். ‘பெர்செப்ரோ’ என்று காசில் இதற்குப் பெயரிட்டார். விளம்பரத் தந்திரம் என்பதற்கு அப்பால் இதற்கு நோக்கம் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

அடுத்த முயற்சி பெரிது. 1974 ஆம் ஆண்டு நவம்பரில் யூனிவேர்சல் நிறுவனம் ‘ஏர்த்குவேக்’ என்னும் படத்தைத் திரையிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நிலநடுக்கத்தால் அழிவதைக் காட்டும் அப்படத்துக்காக ‘சென்சரவுண்ட்’ என்றோர் ஏற்பாடு செய்யப்பட்டது. அரங்கின் முன்னும் பின்னும் மிகப் பெரிய ஒலிபெருக்கிகளை நிறுத்தி, செவிக்கு எட்டியும் எட்டாமலும் உள்ள தாழ்ந்த முழக்கத்தை எழுப்பினர். ஹொலிவூட்டிலுள்ள சைனீஸ் தியேட்டரில், கூரையின் சாந்து பெயர்ந்து பார்ப்போர் தலையில் விழாதபடி வலை கட்ட நேர்ந்தது என்றால் அதன் வலிமையை என்னென்பது! 1976 இல் ‘மிட்வே’, 1977 இல் ‘ரோலர்கோஸ்டர்’ என ஒரு சில படங்களோடு அம்முறை ஓய்ந்தது. கட்டடத்தையே அசைக்கும் முறை வீடுகளுக்கு ஏற்றதாகுமா?

ஆயினும் மந்தர ஒலியின் சுவையைப் படத் துறையினர் மறக்கவில்லை. 1977 இல் வெளிவந்த ‘ஸ்ரார் வோர்ஸ்’ படத்தின் 70 மில்லிமீற்றர்ப் படிகளில், தாழ்ந்த ஒலிகளுக்கெனத் தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டன. 1992 இல் ‘பற்மன் ரிற்றேர்ன்ஸ்’ படத்தோடு டொல்பி நிறுவனத்தின் எண்முறை ஒலி திரையரங்குகளுக்கு வந்தபோது, அவ்வொதுக்கீடு நிலைபெற்றது. ‘5.1’ என்று இன்று பெட்டிகளின் மீது அச்சிடப்படுகின்றதே, அதில் 5 என்பது முழு வீச்சு ஒலிவழிகளைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள 1, ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸுக்கு உட்பட்ட தாழ்ந்த ஒலிகளுக்கான தனிவழியைக் குறிக்கும். அதிரும் கதிரைக்கு வேண்டிய சைகை இவ்வாறு படத்தோடு தானே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

விளையாட்டுத் துறையிலும் இதே காலத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. 1997 இல் நிண்டெண்டோ நிறுவனம் தன் விளையாட்டுக் கருவியின் கைப்பிடியோடு இணைக்கும் அதிர்வுப் பொதியொன்றை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே சொனி நிறுவனமும் அதிரும் கைப்பிடியை விற்பனைக்கு விட்டது. கையில் தொடங்கிய நடுக்கம் பின்னர்க் கதிரைக்கும் பரவியது.

கருவி இயங்கும் விதம்

இதன் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ள, ஒலிபெருக்கியை அறிந்திருந்தாற் போதும். ஒலிபெருக்கியில் ஒரு காந்தமும், அதன் புலத்தினுள் ஒரு கம்பிச் சுருளும் உள்ளன. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகின்றது. அதனோடு ஒட்டப்பட்ட கடதாசிக் கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்குகின்றது.

அதிர்வுக் கருவியிற் கூம்பு இல்லை. அதற்குப் பதிலாக, வில்லினால் தாங்கப்பட்ட ஒரு கனத்த திணிவு அசைகின்றது. பெரும்பாலும் அக்காந்தமே அத்திணிவாக அமையும். திணிவு மேலெழும்போது கருவியின் உடல் கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றது. திணிவு கீழிறங்கும்போது உடல் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதியாகிய ‘தாக்கமும் மறுதாக்கமும்’ ஈண்டு கதிரைக் காலின் நடுவே நின்று வேலை செய்கின்றது. கருவியின் உடல் கதிரைச் சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருப்பதாற் சட்டமும், சட்டத்தின் மேல் அமர்ந்தவரும் அதிர்கின்றனர். காற்றில் எழும் ஒலியோ மிகச் சிறிது.

கைப்பிடிகளிற் பழைய முறையில் அமைந்த மோட்டாருக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே ஒரு புறம் கனத்த சில்லொன்று சுழன்று நடுக்கத்தைத் தருகின்றது. வேகம் கூடினால் நடுக்கமுங் கூடும். சுருளும் திணிவும் கொண்ட கருவியோ, கொடுக்கப்படும் சைகையின் வடிவத்தையே பின்பற்றுகின்றது. மத்தளத்தின் ஒற்றை அடியையும், வானூர்தியின் நீண்ட இரைச்சலையும் அது வேறு வேறாக உணர்த்துவது இதனாலேயாம்.

தோலின் கீழ் ஓர் உணர்கருவி

கதிரை அதிர்வது சரி. அதனை உடல் எங்ஙனம் அறிகின்றது? இத்தாலிய நாட்டு உடலமைப்பியலாளர் பிலிப்போ பசினி (1812 - 1883) மருத்துவ மாணவராயிருந்த காலத்தில், மனிதக் கையை அறுத்து ஆராய்ந்தபோது நரம்புகளின் நுனியில் மிகச் சிறிய முட்டை போன்ற உறுப்புகளைக் கண்டார். வெங்காயத்தின் மடல்கள் போல அடுக்கடுக்கான படலங்களால் ஆனவை அவை. இன்று அவருடைய பெயராலேயே அவை பசினியின் சிறுதுணிக்கைகள் எனப்படுகின்றன. 1854 இல் கொலரா நோயின் கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டு விவரித்தவரும் இப்பசினியேயாவர்.

இத்துணிக்கைகள் தோலின் ஆழத்திலும் மூட்டுக்களை அண்டியும் உள்ளன. நிலையான அழுத்தத்தை அவை விரைவில் மறந்துவிடும். அதிர்வை மாத்திரம் விடாது அறிவிக்கும். 250 ஹேர்ட்ஸ் அளவில் அவற்றின் கூர்மை மிகுதி. அவ்விடத்தில், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலுங் குறைந்த அசைவையும் விரல் நுனி உணரவல்லது. அதற்குத் தாழ்ந்த அதிர்வுகளையும், வன்மை கூடியவையாயின், இவையும் ஏனைய தொடுபுலன் முனைகளும் உணர்ந்துகொள்கின்றன. செவி தளர்வுறும் தாழ்ந்த பகுதியிலே தோல் துணைக்கு வருகின்றது என்க.

இவ்விரு புலன்களின் செய்திகளையும் மூளை தனித்தனியே வைத்துக்கொள்வதில்லை. செர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இசையோடு ஆசன அதிர்வையும் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தனர். பொருத்தமான அதிர்வு சேர்ந்தபோது கேட்போர் அவ்விசையனுபவத்தையே உயர்வாக மதிப்பிட்டனர். தோல் கொடுத்ததைச் செவியின் கணக்கிலும் நாம் வரவு வைத்துக்கொள்கிறோம் போலும்.

வீட்டிற் பொருத்துவோர்க்கு

இக்கருவியை வாங்கிப் பூட்ட எண்ணுவோர் சில நுட்பங்களை மனங்கொள்ளுதல் நன்று. முதலாவது, அதற்கெனத் தனி விரியலாக்கி வேண்டும். வீட்டுத் திரையரங்கு வாங்கியிற் சப்வூபருக்கென உள்ள வெளிவாயிலிலிருந்து சைகையை எடுத்து, 50 முதல் 100 வாற்று வரையிலான சிறு விரியலாக்கி ஒன்றின் வழியே கருவிக்குச் செலுத்தலாம். ஏற்கெனவே சப்வூபர் இருப்பின், இரு கிளையாகப் பிரியும் இணைப்புக் கம்பி போதும். கருவியின் தடை 4 ஓமா 8 ஓமா என்பதைப் பார்த்து, அதற்கு ஏற்ற விரியலாக்கியைத் தெரிதல் வேண்டும்.

இரண்டாவது, வடிகட்டி. ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைக் கதிரைக்குச் செல்லவிடாது தடுத்தல் நன்று. ஆடவர் பேச்சின் அடிச் சுருதி 100 ஹேர்ட்ஸை அண்டியும், பெண்டிர் பேச்சின் அடிச் சுருதி 200 ஹேர்ட்ஸை அண்டியும் இருக்கும். வடிகட்டியை உயர்த்தி வைத்தால், திரையில் யார் வாய் திறந்தாலும் நமது முதுகு கூசும். படமும் நகைப்புக்கிடமாகும்.

மூன்றாவது, பூட்டும் இடம். மெத்தை அதிர்வை விழுங்கிவிடும். ஆதலின் உறுதியான மரச் சட்டத்திலோ இரும்புச் சட்டத்திலோ திருகாணியால் இறுகப் பூட்டவேண்டும். தளர்ந்த ஆணியொன்று இருப்பின் அது தன் சொந்த இசையை எழுப்பத் தொடங்கும். ஒரே சட்டத்தில் இரு கருவிகளைப் பூட்டுவோர், கம்பிகளின் நேர், எதிர் முனைகளை மாறாது இணைத்தல் வேண்டும். மாறினால் ஒன்று தள்ளும்போது மற்றையது இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

நான்காவது, கதிரைக் கால்களின் கீழ்த் தடித்த றப்பர்த் துண்டுகளை வைத்தல். இதனால் இரட்டைப் பயன் உண்டு. அதிர்வு தரைக்கு ஓடிவிடாது கதிரையிலேயே தங்கும். மாடி வீடாயின், கீழ் வீட்டாரின் கூரைக்குச் செல்லாது. அயலாரின் அமைதிக்காக வாங்கிய கருவி, றப்பர் இன்மையால் அவர்களது உறக்கத்தையே கெடுத்ததாக முடிதல் ஆகாது.

இறுதியாக, அளவு. சிறிய கருவிகள் பலவற்றுக்கு 40 ஹேர்ட்ஸை அண்டிய இயல்பான பரிவு ஒன்று உண்டு. அவ்விடத்தில் அவை வேண்டியதற்கு மேலாகக் குதிக்கும். அப்பகுதியைச் சற்றுத் தணித்து வைத்தல் தகும். ‘அதிர்கிறதே’ என்று எப்போதும் தோன்றினால் அது மிகை. நிறுத்திய பின்னர் ‘எதுவோ குறைந்துவிட்டதே’ என்று தோன்றினால் அதுவே சரியான அளவு.

ஆசனத்தில் ஒரு கணக்கு

மோட்டார்ப் பந்தய விளையாட்டுக்களில் இக்கருவி இன்னும் நுணுக்கமாகப் பயன்படுகின்றது. திறமை வாய்ந்த சாரதி வண்டியின் போக்கைக் கண்ணால் மாத்திரம் அறிவதில்லை. சில்லுகள் சறுக்கத் தொடங்குவதை அவன் இருக்கையின் வழியே உணர்கின்றான். கணினியின் முன் அமர்ந்தவனுக்கு அவ்வுணர்வு இல்லை. ஆகவே விளையாட்டு நிகழும்போதே எந்திரத்தின் சுழற்சி, சில்லின் சறுக்கல், பாதையின் மேடுபள்ளம் ஆகியவற்றின் எண்களைப் பெற்று, அவற்றை அதிர்வாக மாற்றும் மென்பொருள்கள் வந்துள்ளன. கதிரையின் நான்கு மூலைகளிலும் நான்கு கருவிகளைப் பூட்டி, எந்தச் சில்லு சறுக்குகின்றது என்பதையும் உணர்த்துவோர் உளர்.

மாணவர்க்கு இங்கே ஓர் எளிய கணக்கு உண்டு. நான்கு உருளைகள் கொண்ட நாலடிப்பு எந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரு தடவை எரிபொருள் பற்றுகின்றது. வண்டி நின்றபடி இருக்கையில் எந்திரம் நிமிடத்துக்கு 900 தடவை சுழல்வதாகக் கொள்வோம். அது செக்கனுக்கு 15 சுழற்சி. ஆகவே 30 ஹேர்ட்ஸ். நிமிடத்துக்கு 3,000 ஆனால், 100 ஹேர்ட்ஸ். நின்ற வண்டியின் நடுக்கம் உடலாலும், ஓடும் வண்டியின் இரைச்சல் செவியாலும் மேலோங்கி உணரப்படுவதற்கு இவ்வெண்கள் ஒரு காரணம் காட்டுகின்றன.

செவிப்புலன் இழந்தோர் பங்கு

இதுகாறுங் கூறியவை பொழுதுபோக்கைச் சார்ந்தவை. இக்கருவியின் மேலான பயன் வேறிடத்தில் உள்ளது.

குடும்பத்தோடு அமர்ந்து படம் பார்க்கும் செவிப்புலனற்ற பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். எல்லோரும் ஒரே கணத்தில் திடுக்கிடுகின்றனர். அப்பிள்ளையோ திரையை விடுத்து மற்றையோர் முகத்தைப் பார்த்து, ஏதோ நிகழ்ந்தது என அறிகின்றது. திரையின் கீழ் ஓடும் எழுத்துக்கள் ‘இடி முழங்குகிறது’ என்று செய்தி சொல்லும், முழக்கத்தைத் தாரா. கதிரை அதிருமாயின் அக்கணத்தில் அப்பிள்ளையும் மற்றையோரோடு திடுக்கிடும். சேர்ந்து திடுக்கிடுவதும் சேர்ந்து சிரிப்பதுமன்றோ குடும்பத்தோடு படம் பார்ப்பதன் பொருள்?

இது வெறும் கற்பனையன்று. கண்ணும் செவியும் இழந்து உலகப் புகழ் பெற்ற ஹெலன் கெல்லர் அம்மையார், 1924 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூ யோர்க் வாத்தியக் குழுவினர் வாசித்த பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை வானொலியிற் ‘கேட்டார்’. வானொலிக் கருவியின் மூடியைக் கழற்றி, அதன் மெல்லிய அதிர்தகட்டின் மேல் விரல் வைத்து, அவர் அவ்விசையை அனுபவித்தார். வாத்தியங்களின் ஓட்டத்தையும், பாடகர் குழுவின் குரல் எழுந்ததையும் உணர்ந்ததாக மறுநாளே அக்குழுவினருக்குக் கடிதம் எழுதினார். 1824 இல் அச்சிம்பொனி முதன்முதல் அரங்கேறியபோது அதனை இயற்றிய பீத்தோவனும் செவிப்புலனை இழந்திருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு உருகுகின்றது.

நம் காலத்தில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி அம்மையாரைக் காட்டலாம். 1965 இற் பிறந்த அவர் 12 வயதளவில் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தார். பள்ளி ஆசிரியர் முரசைத் தட்ட, அவர் சுவரிற் கைகளை வைத்து, எந்த ஒலி உடலின் எப்பகுதியில் உறைகின்றது என்று பயின்றார். பிற்காலத்தில் உலகப் புகழ் வாய்ந்த தாளவாத்தியக் கலைஞரானார். அதிர்வைக் காலால் உணரும் பொருட்டு மேடையிற் பாதணியின்றி நின்று வாசிப்பது அவர் வழக்கம். 2012 இல் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசு முழக்கியவருள் அவரும் ஒருவர்.

கனடாவின் ரொறன்ரோ நகரில், அக்காலத்தில் றயர்சன் எனப் பெயர் பெற்றிருந்த பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர், செவிப்புலனற்றோர் இசையை உணரும்படி ‘இமோரி-செயர்’ என்னும் கதிரை ஒன்றை அமைத்தனர். இசையைத் தாழ்ந்தவை, உயர்ந்தவை என மீடிறன் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் முதுகின் ஒவ்வோர் இடத்துக்கு அனுப்புவது அதன் முறை. செவியினுள் உள்ள நத்தை வடிவான உறுப்பும் ஒலியை இவ்வாறே இடவாரியாகப் பிரிக்கின்றது. அவ்வுண்மையை ஆராய்ந்து 1961 இல் நோபல் பரிசு பெற்ற கியோர்க் வொன் பெக்கெசி, அவ்வுறுப்பின் மாதிரியொன்றைச் செய்து அதன்மேல் முன்கையை வைத்தே சோதனைகள் நடத்தினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இதற்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தலாகாது. ஏறத்தாழ 1,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வைத் தோல் அறியாது. சுருதிக்குச் சுருதி உள்ள நுண்ணிய வேறுபாட்டையும் அது செவி போலப் பகுத்தறியாது. இராகத்தின் நுட்பத்தைக் கதிரை ஊட்டிவிடும் என்று எவரேனுங் கூறின், அது வணிகர் பேச்சு. தாளத்தையும், முழக்கத்தையும், ஒலி எழுந்து தணியும் நடையையும் அது கொடுக்கும். முன்னர் எதுவும் இல்லாதிருந்தவர்க்கு அவ்வளவுங் கிடைப்பது சிறிதன்று.

அளவுக்கு மிஞ்சினால்

எந்த நலமும் அளவின் எல்லைக்குட்பட்டதே. உழவு இயந்திரமும் லொறியும் ஓட்டுவோர் நாள் முழுதும் உடலதிர்வுக்கு ஆளாகி முதுகு நோயால் வருந்துவது அறிந்த செய்தி. உடல் மேலுங் கீழும் அதிரும்போது 4 முதல் 8 ஹேர்ட்ஸ் வரையிலான மெதுவான அதிர்வே முண்டத்தை மிகுதியாக வருத்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டில் தொழிலாளருக்கென வகுத்த விதிப்படி, 8 மணித்தியால வேலை நாளுக்குக் கணித்த முழுவுடல் அதிர்வின் ஆர்முடுகல், செக்கன் வர்க்கத்துக்கு 0.5 மீற்றரை மீறினால் தொழில் கொடுப்போர் தடுப்பு முறைகளை மேற்கொள்ளவேண்டும், 1.15 மீற்றரை எக்காரணங்கொண்டும் மீறலாகாது.

வீட்டுக் கதிரையிற் பூட்டும் சிறு கருவிகள் பெரும்பாலும் 20 ஹேர்ட்ஸுக்கு மேலேயே வன்மை கொள்கின்றன. படமும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆயினும் விளையாட்டு அங்ஙனம் முடிவதில்லை. இடையிடையே எழுந்து உலாவாது இரவு முழுதும் அதிரும் ஆசனத்தில் அமர்ந்திருப்பதைப் பெற்றோர் அனுமதித்தலாகாது. முள்ளந்தண்டு நோயுள்ளோரும், கர்ப்பிணிகளும், இருதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே இதில் அமர்தல் வேண்டும். வலிய காந்தம் அருகில் உள்ளது என்பதை இறுதியாகக் கூறியோர் மறத்தலாகாது.

இவ்வளவையும் வாசித்தவர்கள், கதிரையும் கருவியும் வாங்காமலே இதன் உண்மையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு பலூனை நன்றாக ஊதி, இரு கைகளாலும் மெல்லப் பற்றிக்கொண்டு, வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னே பிடித்துப் பாருங்கள். மிருதங்கமும் தவிலும் ஒலிக்கும் நிகழ்ச்சியாயின் இன்னும் நன்று. பின்னர் ஒருவர் காதுகளைப் பஞ்சினால் அடைத்துக்கொண்டு, தாளம் விழும் இடங்களைத் தலையசைத்துக் காட்டட்டும், மற்றையோர் சரிபார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டார் அனைவருங் கூடிச் செய்யத்தக்க சோதனை இது. அயலில் செவிப்புலனற்ற பிள்ளை எவரேனும் இருப்பின், அப்பிள்ளையை அழைத்து, முதலில் அதன் கையிற் பலூனைக் கொடுங்கள். தாளத்தை அது நமக்குக் காட்டட்டும்.